‘படும்’ என்று முடியும் வாக்கியங்கள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வெங்காயத் தோலுக்கு நடுவிலிருந்து கிடைத்தது.

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மாதாமாதம் வீட்டுக்கு வீடு ஒரு மடல் அனுப்புவார். நாலு பக்கம். எந்த மசோதா நிறைவேறியது, எந்தச் சனிக்கிழமை ரத்ததான முகாம், எந்தத் தெருவில் குழாய் மாற்றுகிறார்கள். பதினொரு வருடமாக நான் அதைப் படித்ததே இல்லை. காய்கறிக் கழிவைச் சுற்றிப் போடத் தோதான அளவு, அவ்வளவுதான். ஒரு நாள் அப்படிச் சுற்றும்போது ஒரு வரி கண்ணில் பட்டது:

“இந்த மசோதாவை ஆதரித்து நான் வாக்களித்தேன். அதனால் நம் மருத்துவமனையில் இனி பிரசவம் பார்க்க மாட்டார்கள்.”

அரசியலில் இருப்பவர்கள் இப்படி எழுதுவதில்லை. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே பக்கத்தில் ஒரு கூட்ட அறிவிப்பும் இருந்தது. போனேன். (பொதுநல அக்கறையால் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடமாக ஒரு கதைகூட வராமல் கை மரத்துக் கிடந்தது.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘அந்த வியாழக்கிழமை மழை விடாமல்’ – மழையே பெய்யவில்லை.

‘ஜனநாயகம் என்பது’ – வேண்டாம்.

‘ஏழு மாதக் கர்ப்பிணியான தன் மகளை நினைத்தபடி மடல்காரி மாடிப்படி ஏறி’ –

இந்த மூன்றாவதில் எட்டுப் பக்கம் ஓடிவிட்டேன். மடலை எழுதுகிறவளை அலுவலகத்தில் மடல்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயது. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பிள்ளைகள் கிடையாது. கதைக்காக நானே ஒரு மகளைப் பெற்றுக் கொடுத்து, அவளையும் கர்ப்பமாக்கி, மடல்காரியிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

“சொந்த வீட்டுல வயிறு தள்ளிக்கிட்டு ஒருத்தி இருந்தாத்தான் எனக்கு உறைக்கும்னு நெனச்சீங்களா?” என்றாள்.

மகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இருப்பது இவ்வளவுதான்: தையல் கடைக்கு மேலே ஓர் அறை, தட்டினால்தான் ஓடும் அச்சு இயந்திரம், கூரை வரை உறைக்கட்டுகள், ஒரு தொலைபேசி. அங்கே உட்கார்ந்து பதினொரு வருடமாக இன்னொருவரின் ‘நான்’ ஆக எழுதிக்கொண்டிருந்தவள். அந்த வேலைக்கு ஒரு சூத்திரம் உண்டு, அவளே சொன்னாள். நல்ல செய்தி என்றால் ‘நான்’ வரும்: நான் திறந்துவைத்தேன், நான் வலியுறுத்தினேன். கெட்ட செய்தி என்றால் ‘படும்’ வரும்: ஒத்திவைக்கப்படும், குறைக்கப்படும், ஒருங்கிணைக்கப்படும். செய்தது யார் என்று அதில் இருக்காது. படுவது யார் என்றும் இருக்காது.

3

மசோதா நிறைவேறிய மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. சலவைக் கடையில் இஸ்திரி போடும் ஒரு பெண்.

“மேடம், பிரசவ வார்டை மூடறாங்களாமே, நெசமா?”

“மசோதா பாஸாயிருக்கும்மா.”

“நம்ம அக்கா எதிர்த்துத்தானே ஓட்டுப் போட்டாங்க?”

உறுப்பினரை ஊரே அக்கா என்றுதான் சொல்லும். அரசியலுக்கு வருமுன் அதே மருத்துவமனையில் இருபது வருடம் பிரசவம் பார்த்தவர்.

“என்னை வெளிய எடுத்ததே அவங்கதான், அம்மா சொல்லும். அதான், அவங்க விடமாட்டாங்கன்னு நான் எங்க வீட்டுல சொல்லிட்டேன்.”

மடல்காரி என்ன சொன்னாள்? “எல்லாம் மடல்ல வரும்மா.” வைத்துவிட்டாள்.

பிறகு மடலை எழுத உட்கார்ந்தாள். ‘மகப்பேறு சேவைகள் மாவட்ட மருத்துவமனையுடன் ஒருங்கிணைக்கப்படும்.’ பழகிய கை, தானாக எழுதியது. எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் இதைப் படித்துவிட்டு அக்கா நம் பக்கம்தான் என்று இன்னும் நம்புவாள். அதற்காகத்தானே இப்படி எழுதுவது?

(இங்கே ‘அவளுக்குள் கோபம் கொழுந்துவிட்டது’ என்று எழுதியிருந்தேன். “கோபமெல்லாம் இல்லைங்க, சலிச்சுப்போச்சு” என்றாள். அடித்துவிட்டேன்.)

‘ஒருங்கிணைக்கப்படும்’ வரியை அவள் அடித்துவிட்டு, நான் வெங்காயத் தோலில் படித்த அந்த இரண்டு வாக்கியங்களை எழுதினாள்.

4

உறுப்பினரை நம்புவதில்தான் எனக்குத் தகராறு. முதல் படியில் அவரை வில்லியாக்கினேன். வசனம் எல்லாம் மேடைப் பேச்சாக வந்தது. அடுத்ததில் உத்தமியாக்கினேன்; கொட்டாவி வந்தது. இரண்டு நாற்காலியிலும் அவர் உட்காரவில்லை. அதனால் மடல்காரி சொன்னபடியே தருகிறேன்.

வியாழன் பிற்பகல். அச்சுக்குப் போகுமுன் பார்க்கும் படி. அக்கா மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

“இதை யார் எழுதினது?”

“நீங்கதான்க்கா. கீழ உங்க கையெழுத்துதானே இருக்கு.”

“கிண்டல் பண்ணாதே. ஒருங்கிணைக்கப்படும்னு போடு.”

“போட்டேன்க்கா. யாரு ஒருங்கிணைச்சதுன்னு போன்ல கேட்டா நான் என்ன சொல்ல?”

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். “வருஷத்துக்கு நூத்துப்பத்து பிரசவம். இருக்கிறது ஒரே ஒரு டாக்டர். மயக்கம் குடுக்க ஆள் இல்ல. ரத்தம் நிக்கலன்னா கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும். நான் நின்னிருக்கேன்டி. அதனாலதான் ஆதரிச்சு ஓட்டுப் போட்டேன்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “கட்சி சொல்லிச்சு, அதனாலயும்தான் போட்டேன். எது எவ்வளவுன்னு கேட்டா எனக்கே தெரியல.”

“அதையும் எழுதட்டுமா?”

“அவ்வளவு வேணாம். எழுதினதை அப்படியே விடு. கூட்டம் ஒண்ணு போடு. வந்து கேக்கட்டும்.”

இது துணிச்சலா, வாதாடத் தெம்பில்லாததா? மடல்காரியிடம் கேட்டேன். “ரெண்டுக்கும் ஒரே முகம்தாங்க” என்றாள்.

5

நூலக அரங்கில் அறுபது நாற்காலி. வந்தவர்கள் என்னோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதில்தான் பாதிப் பேருக்கு அக்கறை. அக்கா புள்ளிவிவரம் சொன்னார். சரியான புள்ளிவிவரம்தான். மடல்காரி ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மெல்ல எழுந்தாள். பெரிய வயிறு. குரலைக் கேட்டதுமே மடல்காரிக்குத் தெரிந்துவிட்டது, சலவைக் கடை.

“எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதுக்கா. வலி வந்தா எந்த பஸ் ஏறணும்?”

யாரோ சிரித்தார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். “ஆம்புலன்ஸ் எதுக்கு இருக்கு?” என்றார் முன்வரிசைக்காரர். “மூணு ஊருக்கு ஒண்ணு. நான்தான் ஓட்டிட்டிருந்தேன்” என்றார் பின்வரிசையில் ஒரு கிழவர்.

அக்கா புள்ளிவிவரத் தாளை மடித்தார். “தெரியலம்மா,” என்றார்.

பிறகு மேடையை விட்டு இறங்கி வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “எத்தனை வாரம்?” “முப்பத்தொண்ணு.” கேட்டுக்கொண்டே, பழக்கதோஷம், உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்துவிட்டார். கை தானாக மேலும் கீழும் தேடியது. “தலை இன்னும் திரும்பலியே,” என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

“கைய எடுங்கக்கா,” என்றாள் அந்தப் பெண். சத்தமாகச் சொல்லவில்லை. கெட்ட வார்த்தையும் இல்லை.

அக்கா எடுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தக் கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மடல்காரி பக்கம் திரும்பி, “அந்தக் கேள்விய எழுதிக்கோ,” என்றார்.

“பதில்?”

“கேள்விய எழுதிக்கோ.”

6

திங்கட்கிழமை மடல்காரி விடுப்புப் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். மருத்துவமனை வாசலிலிருந்து மாவட்ட மருத்துவமனை வாசல் வரை. இரண்டு பஸ், நடுவில் ஒரு காத்திருப்பு, மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். இரண்டாவது பஸ்ஸின் படி முழங்கால் உயரம் என்பதையும் குறித்துக்கொண்டாள். மறுநாள் ஒரு கால அட்டவணை போட்டாள். அடுத்த மடலின் முதல் பக்கத்தில்தான் அதற்கு இடம் கிடைக்கும். அங்கே எப்போதும் உறுப்பினரின் படம் வரும்.

“படத்த எடுத்துடவாக்கா?”

“எடுத்துடு. அதுல நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்.”

முதல் பஸ் காலை ஐந்து பத்து. கடைசி பஸ் இரவு ஒன்பது நாற்பது. கடைசி பஸ்ஸுக்கும் மறுநாள் முதல் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கட்டம் காலியாக நின்றது. “இதுல ஒண்ணுமே இல்லையே, எடுத்துடலாமா?” என்று அச்சு ஓட்டுகிறவர் கேட்டார். இருக்கட்டும் என்றாள். மடல் வீடு வீடாகப் போனது. ஒன்றாம் தேதி பிரசவப் பிரிவை மூடினார்கள்.

இனி முடிவு. எட்டு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். மடல்காரி சொன்னாள். ஒரு முடிவை எழுதினேன், கிழித்தேன். மாற்றியும் எழுதினேன்:

‘பஸ் திரும்பும்போது அவள் கம்பியை இறுகப்’ –

இல்லை. பிள்ளை சுகமாகப் பிறந்தது என்று எழுதினால், பார்த்தீர்களா, மசோதா சரிதான் என்பீர்கள். வேறு மாதிரி எழுதினால், அப்போதே சொன்னோமே என்பீர்கள். மண்டை இன்னும் கெட்டிப்படாத ஒரு பிள்ளையின் தலையில் சட்டமன்ற விவாதத்தைத் தூக்கி வைக்க எனக்கு மனமில்லை. தெம்பும் இல்லை.

அந்த மடல் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும், எங்கேயாவது கிடக்கும். தேடி எடுங்கள். முதல் பக்கம், காலிக் கட்டம். ஒன்பது நாற்பதிலிருந்து ஐந்து பத்து வரை. கணக்குப் போட்டால் சரியாக ஏழரை மணி நேரம். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.