தலைக்குக் கட்டிய சீட்டு

அன்பரசன் வாங்கிய சாமுராய்கள் நாற்பத்தெட்டுப் பேருக்கும் முதுகில் கொடி இருந்தது. ஜப்பான் பொம்மை வீரர்கள், ஆளுக்குக் கட்டைவிரல் உயரம், பார்க்க அம்சமாகத்தான் இருந்தார்கள். மணலியில் ஃபிட்டர் வேலை பார்த்து, ஓவர்டைம் காசில் வரவழைத்த படை. சங்கத்து மேஜையில் அடுக்கி வைத்ததும் பரசுராமன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தம்பி, நாம ஆடறது பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சண்டை. முதுகுல கொடி கட்டுற வழக்கம் நானூறு வருஷம் கழிச்சு வந்தது. வரலாறு முக்கியம் இல்லையா?"

பரசுராமன் சார் கப்பல் ஏஜென்சியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் மாடி வீடு கட்டி முடித்த கையோடு, ஜப்பானின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பையும் தானாகவே ஏற்றுக்கொண்டவர்.

சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்மண்டபத்தில் ஜாபரின் பேரிங் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு பிளைவுட் மேஜை, ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைப் படைகளை நகர்த்திப் பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடி நடத்தும் ஆறு பேர். கீழே ஹார்பருக்குப் போகும் ஒவ்வொரு கன்டெய்னர் லாரிக்கும் மேஜை குலுங்கி நாலு வீரர்கள் விழுவார்கள். லாரியால் விழுந்தவன் செத்தவன் இல்லை என்பது சங்கத்தின் முதல் விதி.

அன்பரசன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் உட்கார்ந்து நாற்பத்தெட்டுக் கொடிகளையும் கட்டரால் நறுக்கினான். அடுத்த வாரம் துப்பாக்கிகள் மாட்டிக்கொண்டன. துப்பாக்கி கொண்டுவந்த போர்ச்சுகீசியனுடைய பாட்டனே அப்போது பிறக்கவில்லையாம். அதற்கடுத்த வாரம் காலாட்கள். அந்தக் காலத்துச் சாமுராய் என்றால் குதிரைமேல் உட்கார்ந்து வில் விடுகிறவனாம். குதிரைகள் பார்சலில் வந்தன. துடைப்பக்குச்சியைச் சீவி வில் செய்தான். கவசத்தைக் கோக்கும் பட்டுக் கயிறுகளுக்கு மனைவி மலர்க்கொடியின் நெயில் பாலிஷ் மூன்று பாட்டில் காலியானது.

"ஊர்ல ஆம்பளைங்க குடிச்சிக் கெட்டுப் போறானுங்க, நீ குதிரைக்கு பெயின்ட் அடிச்சிக் கெட்டுப் போற" என்றாள் மனைவி. இருந்தாலும் நல்ல சிவப்பாகப் பார்த்து நாலாவது பாட்டிலை அவளேதான் வாங்கி வந்தாள்.

படையைப் பற்றிக் கேட்டு முடித்ததும் சார் ஒவ்வொரு வாரமும் இன்னொன்றும் கேட்பார்.

"தம்பிக்குச் சொந்த ஊர் எது?"

"வியாசர்பாடி சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி பேசின் பிரிட்ஜ் சார்."

"இல்ல, பூர்வீகம்?"

எதைத் தடவிப் பார்க்கிறார் என்று அன்பரசனுக்குத் தெரியும். நேராகக் கேட்க வெட்கம், கேட்காமல் இருக்கவும் தூக்கம் வராது. கொடியைப் போல இதற்கும் நானூறு வருஷக் கணக்கு ஏதாவது வைத்திருப்பார் போலும்.

ஆறு மாதம் போனது. பெங்களூரில் போட்டி, சங்கத்துக்கு ஒரே ஒரு இடம். அன்பரசனும் சாரும் கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள், ஜெயித்தவர் போகலாம். அன்பரசனுக்கு அந்த இடம் வெறித்தனமாக வேண்டும். இருபது வருஷமாக அவன் கைபட்ட எதையும் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே ஒருத்தரும் பார்த்ததில்லை.

மத்தியானம் வரை சமமாகப் போன ஆட்டம், கடைசியில் இரண்டு தளபதிகளின் நேருக்கு நேர் சண்டையில் வந்து நின்றது. அந்தக் காலத்துச் சாமுராய் அம்பு விடும் முன் தன் பேரையும் வம்சத்தையும் உரக்கச் சொல்லுவானாம். சொல்லும் ஒவ்வொரு முன்னோருக்கும் ஒரு பகடை, யாருக்கு ஆறு அதிகம் விழுகிறதோ அவருக்கு ஜெயம். இந்த விதியைச் சேர்த்தவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

சார் நோட்டைப் பிரித்து, ஏதோ ஒரு சக்கரவர்த்தியிலிருந்து ஆரம்பித்து ஏழு தலைமுறை வாசித்தார். ஏழு பகடை. பிறகு இனிமையாகச் சிரித்தார்.

"தம்பி, உங்க வம்சம்?"

அன்பரசன் குதிரைகளுக்குக் கண்ணிமை வரை வரைந்திருந்தான், வம்சத்தைத் தயார் செய்யவில்லை. ஏதாவது ஜப்பான் பேரை அடித்து விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்கு ரத்தம் கொதித்தது. ஆறு மாதமாக இந்த மனுஷன் கேட்ட கேள்விதானே, பதிலை வாங்கிக்கொள்ளட்டும். எழுந்து நின்றான்.

"வியாசர்பாடி அன்பரசன். ஹார்பர்ல நிலக்கரி எறக்குன கன்னியப்பன் மவன். கால்வாய்ல மண்ணு வாரி, பாதி வயசுல புத்தர் படத்த வூட்ல மாட்டுன துலுக்காணத்துக்குப் பேரன். காசிமேட்ல கூடை தூக்குன நீலா பெத்த புள்ள. துலுக்காணத்துக்கு அப்பா பேரு தெரியாது சார். அவரு பேர எழுதி வைக்கணும்னு எவனுக்கும் தோணல."

சார் கண்ணாடியைத் துடைத்தார்.

"பொம்பளைங்க பேர் கணக்குல வராது."

"புக்குல அப்டி இன்னாவும் இல்ல" என்றான் நடுவராக இருந்த ஜாபர். "மாமு, உனுக்கு மூணு பகடை. உருட்டு."

சாரின் ஏழு தலைமுறையும் சேர்ந்து உருண்டு ஒரே ஒரு ஆறு விழுந்தது. அன்பரசனுக்கு இரண்டு ஆறு. கூடை தூக்கிய நீலாவின் பகடை கடைசிவரை சுற்றிவிட்டுத்தான் நின்றது, ஆறில்.

சாரின் தளபதி செத்தான். பெங்களூர் அன்பரசனுக்கு. சார் மெதுவாகத் தன் பொம்மையை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

"சார், ஒரு நிமிசம்" என்று அன்பரசன் பையிலிருந்து கட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தான். நாற்பத்தெட்டுக் கொடிகளை நறுக்கிய அதே கட்டர். "அந்தக் காலத்துல தோத்தவன் தலைய வெட்டி, சீட்டு கட்டி வைப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்கோ? வரலாறு முக்கியம் இல்லியா?"

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது ஒசாகாவுல இருந்து வந்தது தம்பி. பெயின்ட் பண்ணவே நாலு மாசம்..."

"தலை உங்க கிட்டயே இருக்கட்டும் சார். சீட்டு மட்டும் எழுதிக் கட்டுங்க. வெட்டுனவன் யாரு, எந்த வம்சம்னு அதுல இருக்கணும்ல?"

ஜாபர் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினான். சார் சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்தார். வியாசர்பாடி அன்பரசன். கன்னியப்பன் மகன். அங்கே பேனா நின்றது.

"துலுக்காணம் சார்" என்றான் அன்பரசன். "அதுக்கப்புறம் நீலா. பொறுமையா எழுதுங்க, லாரி வருது, கை ஆடப் போவுது."