எட்மாருக்கு ஒரு ஜிபோயாக் குட்டி

பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து, ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றாமல், இரண்டு பேருந்து மாறி ஓடிலோனின் பாம்புப் பண்ணைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. கால்கள் மரத்துப்போயிருந்தன.

பாம்பு எனக்கில்லை, என் தம்பி எட்மாருக்கு. லாரி ஓட்டியவன். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இரண்டு வருடமாக எதையும் வேண்டுமென்று கேட்காதவன், போன மாதம் திடீரென்று, "அக்கா, எனக்கொரு ஜிபோயாக் குட்டி வேணும்" என்றான். ஆஸ்பத்திரியில் அத்தனை பேரைத் துடைத்து, வீட்டில் இவனைக் குளிப்பாட்டி, அதற்குமேல் ஜிபோயா என்கிற ஒரு மலைப்பாம்பையும் நானே பார்க்க வேண்டுமா? கத்தலாம் போலிருந்தது. கத்தவும் தெம்பில்லை. சரி என்றேன்.

ஓடிலோன் அரசு அனுமதியோடு பாம்பு வளர்த்து விற்பவர். சுவரோரம் வரிசையாகப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு குட்டி, மேலே ஓர் அட்டை: பிறந்த நாள், ஆணா பெண்ணா, எப்போது தின்றது, எப்போது தோல் உரித்தது.

"எப்படி வேணும்மா? வால் நல்லா செவப்பா இருக்கணுமா?"

"நெறம் எப்படி இருந்தா என்ன? தொல்லை தராத ஒண்ணாக் குடுங்க."

"மாப்பிள்ளை பாக்குற மாதிரியில்ல கேக்குறீங்க!" என்று சிரித்தார்.

அவர் திறந்த முதல் பெட்டியிலிருந்த ஆண்குட்டி, கையை நீட்டியதுமே என் கட்டைவிரலைக் கடித்தது. இரண்டு பொட்டு ரத்தம். "வேண்டவே வேண்டாம்" என்றேன். கடைசிப் பெட்டியில் ஒன்று துவண்டு கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்தேன். தலையை மட்டும் கொஞ்சம் தூக்கியபடி அப்படியே கிடந்தது.

"இதான். என்னை மாதிரியே அசந்து கெடக்கு."

முகத்தருகே கொண்டுபோனபோது மெல்லிய சொடக்குச் சத்தம் கேட்டது. வாயோரம் ஒரு சின்ன நுரைக் குமிழ். பதினெட்டு வருடம் நெஞ்சுச்சளி வார்டில் நின்றவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

"ஐயா, இது சாது இல்ல. மூச்சு விட முடியாமக் கெடக்கு."

ஓடிலோன் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அட்டையைப் பார்த்தார், கடைசி இரண்டு தீனிக்கும் எதுவும் எழுதவில்லை.

"பொண்டாட்டிக்கு ஒடம்பு முடியலம்மா. ரெண்டு வாரமா இந்தப் பக்கம் சரியா வரல. என் தப்புதான்." அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை அப்போதுதான் பார்த்தேன். குட்டியைத் தனியாகச் சூடான அறையில் வைத்துவிட்டு வந்தார்.

"அந்தக் கடிச்சவனையே காட்டுங்க" என்றேன்.

கண் தெளிவாக இருந்தது. வாயில் சளி இல்லை, செதிலிடுக்கில் உண்ணி இல்லை, வாலடி சுத்தம். மல்லாக்கப் போட்டதும் சட்டென்று புரண்டு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தோலுக்கடியில் பதித்திருந்த அடையாளச் சிப்பில் ஓடிலோனின் கருவி காட்டிய எண்ணும் அனுமதிக் காகிதத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் எட்மாரின் மடியில் பையை வைத்தேன்.

"கையில என்னக்கா கட்டு?"

"உன் புள்ளை கடிச்சது."

முதல் எலியை அது தொடவில்லை. இரண்டாவதையும் தொடவில்லை. எட்மார் சக்கர நாற்காலியை உருட்டிப்போய்த் தானே அதன் கண்ணாடிப் பெட்டியில் தண்ணீர் மாற்றினான், விளக்கின் சூட்டைப் பார்த்தான். மற்றபடி அவன் குளியல், துணி, மருந்து எல்லாம் என் தலையில்தான், ஒன்றும் குறையவில்லை. ஓடிலோனுக்குப் போன் செய்து அந்த நோயாளிக் குட்டியைப் பற்றிக் கேட்டேன். நான்காம் நாளே செத்துவிட்டதாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்து கண்ணயர்ந்தவளை எட்மாரின் கத்தல் எழுப்பியது. விழுந்துவிட்டான் என்று பதறி ஓடினேன். கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"முழுங்குதுக்கா! பாரேன், முழுங்குது!"

"இதுக்கா இப்படிக் கத்துன? உயிரே போயிருச்சுடா."

என்றாலும் அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எலியின் வால் கடைசியாக உள்ளே போகும்வரை பார்த்துவிட்டு, போய்ப் படுத்தேன்.