சட்டைப் பொக்கட்டில் ஒரு பாட்டு

"கம்பியூட்டர்ல இருந்து போனுக்குப் போகாத பாட்டுன்னு ஒன்னு இந்த ஒலகத்துல இன்னும் பொறக்கல மாமா."

யுகேஷ் இதைச் சொன்னபோது அவன் இடுப்பில் ஈர வேட்டி, தோளில் ஈரத் துண்டு, கையில் அப்பாவின் போன். சாவுச் சடங்குக்கு நீர்மாலை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். பக்கத்தில் பெட்டிக்குள் அப்பா முத்துலிங்கம் வெள்ளைச் சட்டையுடன் படுத்திருந்தார். மகன் படிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எப்படி மறுப்புச் சொல்லாமல் இருப்பாரோ, அப்படியே இருந்தார்.

கணேஸ் மாமா கைமணிக்கூட்டைப் பார்த்தார். அம்மாவின் தம்பி. தெல்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, யாரும் கேட்காமலே சாவு வீட்டுப் பொறுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டவர். ராகு காலத்துக்கு முன்னால் பெட்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சட்டென்று போட்டுவிட்டு வரும்படி சொன்னார்.

பாட்டைக் கேட்டது அம்மா ஜெயராணி. செத்த செய்தி வந்ததிலிருந்து அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தால் வாங்கினாள், எடுத்துக்கொண்டு போனால் விட்டாள். நீர்மாலை வந்து நுழைந்ததும் மகனின் கையைப் பிடித்துப் போனை வைத்தாள்.

"அவரு பொக்கட்டுல பாட்டு இல்லாம வாசலத் தாண்டுனதே இல்ல தம்பி. அந்தக் கல்யாணப் பாட்டப் போட்டு பொக்கட்டுல வச்சிரு. மூடுறப்ப எடுத்துக்கலாம்."

கல்யாணப் பாட்டு என்றால் அவர்களுடைய கல்யாணத்தில் பாடியது. தெல்தெனியவில் ஒரு மண்டபம், உள்ளூர் இசைக்குழு, மாப்பிள்ளை கதிரையை விட்டு எழுந்து போய் மைக்கைப் பிடுங்கிப் பாடிய ஒரு சினிமாப் பாட்டு. யாரோ கசெட்டில் பிடித்திருக்கிறார்கள். கண்டி டவுனில் ஒரு கடைக்காரர் அதைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். ஆகவே அது இணையத்தில் கிடைக்காது. இந்த உலகத்தில் அது இருக்கும் ஒரே இடம், உள் அறை மேசையில் இருக்கிற, முன்பக்க மூடி கழன்ற அந்தக் கணினிதான்.

முத்துலிங்கம் மஹய்யாவ ஸ்டேண்டில் ஆட்டோ ஓட்டினார். ஆட்டோ ரேடியோவை ஒரு மழைக்காலம் தின்றுவிட்ட பிறகு, போனைச் சட்டைப் பொக்கட்டில் போட்டுப் பாடவிட்டார். ஹயருக்கு ஏறுகிறவர்கள் சாரதியின் நெஞ்சு பாடுகிறது என்று முதலில் திடுக்கிட்டு, பிறகு பழகிக்கொண்டார்கள். பாட்டு போனுக்கு வந்த விதம்தான் விசேஷம். கேபிளில் அவருக்கு நம்பிக்கையில்லை. கணினியில் பாட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்து, ரெக்கோடரை அமுக்குவார். ஃபேனை நிறுத்துவார். பாட்டு முடியும்வரை நாடியில் வேர்வை சொட்ட உட்கார்ந்திருப்பார். யார் கதவைத் திறந்தாலும் திரும்பாமல் விரலை உதட்டில் வைப்பார்.

எவ்வளவு வைத்தும் வீடு உள்ளே புகுந்துவிடும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே குக்கர் விசிலடிக்கும். காதலன் உருகும் இடத்தில் அம்மா மீன்காரனோடு விலை பேசுவாள். யுகேஷ் தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிக்கிறவன். கென்டீனில் இதை அப்படியே நடித்துக் காட்டுவான். குக்கராகவும் மீன்காரனாகவும் அவனே. மனிதன் சந்திரனுக்குப் போன நூற்றாண்டுக்குப் பிறகும் பாட்டை ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார வைத்துப் படம் பிடிக்கிற ஒரே மனிதர் தன் வீட்டில் இருக்கிறார் என்று முடிப்பான். நல்ல கைதட்டல் கிடைக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்க்க ஒரு குடும்பத்தை ஹயர் கூட்டிப் போன இடத்தில், எட்டிப் பார்த்தவர் பொக்கட்டிலிருந்து போன் தண்ணீருக்குள் போனது. எல்லாப் பாட்டும், எல்லாக் குக்கர் விசிலும் அதோடு போயின. கட்டாரில் வேலை செய்கிற அவருடைய அண்ணன் மகன் நிரோஷன் தன் பழைய போனை அனுப்பிவைத்தான். நல்ல உயர்ந்த சாதிப் போன். முத்துலிங்கம் அதே சாயங்காலம் சீனி டின்னை எடுத்து வந்தார். யுகேஷ் அதைக் கையிலிருந்து வாங்கிக் குசினியில் வைத்துவிட்டு வந்தான்.

"இந்தப் போனையும் கேவலப்படுத்தாதீங்கப்பா. நானே ஒழுங்கா ஏத்தித் தர்றேன்."

சரி தம்பி என்றார்.

இப்போது யுகேஷ் கேபிளைச் செருகினான். கணினி யோசித்தது. பிறகு, இந்தப் போன் வேறொரு கணினிக்குச் சொந்தமானது, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு இணைக்கவா என்று கேட்டது. அழி என்றான். கடவுச்சொல் கேட்டது. நிரோஷனுக்கு அழைத்தால் போன் அணைத்திருந்தது. வேலைத்தளத்து வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நிரோஷனின் அம்மா, யுகேஷின் பெரியம்மா, முன்கட்டிலிருந்து ஒப்பாரிக்கு நடுவே சொன்னாள்.

கேபிளை மாற்றினான். துளையை மாற்றினான். இரண்டையும் அணைத்துப் போட்டான். தன் போனுக்குப் பாட்டை இழுத்து அங்கிருந்து அனுப்பிப் பார்த்தான். அந்த உயர்சாதிப் போன் இவனுடைய போனோடு புழங்க மறுத்தது. வட்ஸ்அப்பை இறக்கலாம் என்றால் அதற்கும் அதே கடவுச்சொல். இணையத்தில் ஏற்றி இறக்கலாம் என்றால் காலையிலிருந்து மழை. பாதியில் சிக்னல் செத்தது. வேட்டியிலிருந்து தண்ணீர் வடிந்து கதிரைக்குக் கீழே குளம் கட்டியது.

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போடச் சொன்னார். கழற்ற முடியாத பேட்டரி. இன்னொருவர் தன் போனையே பொக்கட்டில் வைக்கத் தரத் தயாராக இருந்தார், ஆனால் அதில் பக்திப் பாட்டுதான் உண்டு என்றார். அம்மாவிடம் போய்க் கேட்டதற்கு, அவர் அடுத்தவர் போனைத் தொடமாட்டார் என்று சொல்லிவிட்டாள். கணேஸ் மாமா எட்டிப் பார்த்தார். மூடும்போது மறக்காமல் எடுத்துவிட வேண்டும், உள்ளே போனால் வெடிக்கும், ஈரக் கையோடு பிளக்கைத் தொட்டால் இன்னொரு பெட்டி சொல்ல வேண்டிவரும் என்று முறையாக மூன்று எச்சரிக்கைகள் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்தவர் சாஹுல் ஹமீது. ஸ்டேண்டில் அப்பாவுக்கு அடுத்த ஆட்டோ அவருடையது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அவர்தான். கட்டில் நுனியில் உட்கார்ந்து, திரையில் ஐந்தாவது முறையாக அதே கேள்வி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகன், இது ஏறாதா?"

"ஏறும் நானா. கொஞ்சம் டைம் எடுக்குது."

சாஹுல் ஹமீது தலையாட்டினார்.

"நாங்க எத்தின தரம் சென்ன. பழைய மாதிரி ரெக்கோட் பண்ணிக்கோங்க முத்து, ஆட்டோ ஊமையா நிக்குது எண்டு. கேக்கல்ல. மகன் ஏத்தித் தாறேன்டு சொல்லீக்கான், நாம செஞ்சா அவனுக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டு சென்ன."

யுகேஷ் மவுஸை அசைத்தான். திரையில் அம்புக்குறி ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தது.

"ரெண்டு மாசமும் அவராவே பாடிக்கிட்டுதான் ஓட்டின" என்றார் சாஹுல் ஹமீது. "சும்மா செல்லக்கூடா, கொரல் நல்லம்."

எழுந்து, மரியாதைக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். முற்றத்தில் தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தூக்குகிறவர்கள் துண்டைச் சும்மாடு கட்டுகிற சலசலப்பு கேட்டது. மாமா யாரையோ அவசரப்படுத்தினார்.

யுகேஷ் கேபிளைக் கழற்றினான். அதை ஒழுங்காகச் சுருட்டி மேசையில் வைத்தான். எழுந்து குசினிக்குப் போனான். அங்கே நின்ற பெண்கள் அவனுக்குப் பசிக்கிறது என்று நினைத்து ஒதுங்கினார்கள். சீனி டின்னை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து கதவைச் சாத்தினான்.

டின்னில் போனைச் சாய்த்தான். சறுக்கியது. அதன் விளிம்பில் போன் அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருப்பதை இப்போதுதான் பார்த்தான். அதில் வைத்தான், நின்றது. ரெக்கோடரை அமுக்கினான். பாட்டை ஓடவிட்டான்.

கசெட் இரைச்சல். கதிரைகள் இழுபடும் சத்தம். மைக் ஒரு தரம் வீரிட்டது. பிறகு அவனைவிடக் கொஞ்சம்தான் வயது கூடிய ஒருவர், சுருதி தேடாமல், மிகுந்த நம்பிக்கையோடு பாடத் தொடங்கினார். இந்த வழியில் ஒன்றையும் அவசரப்படுத்த முடியாது. பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் இதை முழுதாகக் கேட்டதில்லை. சிவப்புக் கோடு திரையில் ஊர்ந்தது. வெளியே அடிக்கிற தப்பு உள்ளே வருவது தெரிந்தது. பெரியம்மாவின் ஒப்பாரியும் வந்தது. மூச்சை மெதுவாக விட்டான்.

முதல் சரணம் முடிகிற இடத்தில் கதவு திறந்தது.

யுகேஷ் திரும்பவில்லை. விரலை உதட்டில் வைத்தான்.

பிறகு அம்மா கால் விரல்களை ஊன்றி அறைக்குள் வந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைச் சத்தம் வராமல் நிறுத்திவிட்டு, கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். முற்றத்திலிருந்து மாமா அவன் பெயரைச் சொல்லி நீளமாகக் கூப்பிட்டார். அதுவும் பாட்டுக்குள் விழுந்தது.