வில்லி கையால் முதல் குடம்

என் நாத்தனார் கல்பனாவைத் தெரியாதவர்கள் இப்போது பாகூர் பக்கம் யாரும் கிடையாது. சிக்கலே அதுதான். ராத்திரி எட்டரை மணி சீரியலில் இந்துமதி என்ற வில்லியாக வருகிறவள் அவள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார யோசிக்கிறார்கள். வில்லியனூரில் ஒரு கடைக்காரம்மா "உனக்கு கத்திரிக்கா கெடையாது, போ" என்று கூடையை மூடிவிட்டாளாம். கல்பனா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். கேட்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வாயும் நீளம், கோபமும் அதிகம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் என் மகள் சுவேதாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம். எங்கள் குடும்பத்தில் முதல் குடம் தண்ணீரை அத்தைதான் ஊற்ற வேண்டும். தாய்மாமன் சீர் கொண்டுவரலாம், அப்பன் பந்தல் போடலாம், ஆனால் முதல் குடம் அத்தைக்கு. என் வீட்டுக்காரர் தமிழ்க்குமரனுக்குக் கூடப்பிறந்தவள் கல்பனா ஒருத்திதான். எங்களுக்கும் பெண் என்று சுவேதா ஒருத்திதான். ஆக, கல்பனாவுக்கு இந்தக் குடம் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கைக்கு வரும். அவளும் அதை நினைத்துக்கொண்டுதான் ஷூட்டிங்குக்கு லீவு சொல்லிவிட்டு, அரக்குப் பட்டும் பித்தளைக் குடமுமாக எங்கள் ஊர் செலியமேட்டுக்கு வந்து இறங்கினாள். குடத்தின் கழுத்தில் சுவேதா பெயரை வெட்டியிருந்தாள்.

எங்கள் கெட்ட நேரம், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்த எபிசோடு வந்தது. கதாநாயகி ஆர்த்திக்கு நலங்கு. நாத்தனார் இந்துமதி மஞ்சள் தண்ணீரில் ஏதோ ஒரு பொடியைக் கலந்து அவள் தலையில் ஊற்றிவிடுகிறாள். ஆர்த்தியின் முகமெல்லாம் கொப்புளம். கதை எழுதுகிறவனுக்கு வேறு எதுவுமே தோன்றவில்லையா என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

எங்கள் ஊரில் சீரியலைச் சும்மா பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிற பழக்கம் இல்லை. மறுநாள் காலை நடவு வயலில் அது பிரித்து மேயப்படும். குனிந்து நாற்றை ஊன்றிக்கொண்டே ஆளுக்கொரு பாத்திரத்தின் பக்கம் நின்று வழக்காடுவார்கள். அவள் ஏன் அழுதாள், இவன் ஏன் பேசாமல் போனான், எல்லாவற்றுக்கும் வயலின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்குப் போவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பு பிடிக்காதவர்கள் திரும்பி வரும்போது அப்பீல் செய்வார்கள். வயலுக்குச் சொந்தக்காரி பவுனம்மாள், என் மாமியாருக்கு அக்கா, வரப்பில் நின்றபடி ஆர்த்தி கட்சி பேசுவாள். நடவாள்களுக்குத் தலைவியான செங்கமலமும் ஆர்த்தி கட்சிதான். இந்துமதி கட்சி நான் ஒருத்தி. நாத்தனாருக்குப் பரிந்து பேசுகிறேன் என்று என் வாதத்தை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

விசேஷத்தன்று பந்தலில் சுவேதா மணையில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். கல்பனா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அப்போதுதான் முன்வரிசை நாற்காலியிலிருந்து பவுனம்மாளின் குரல் வந்தது.

"இன்னாடி வெண்ணிலா, இவளா ஊத்தப் போறா?"

"சுவேதாவுக்கு அத்தைக்காரி இவதான அத்த?" என்றேன். கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம்டி. வேற யாராவது ஊத்தட்டும். பச்சப் புள்ள."

கிண்டல் இல்லை. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. பின்னால் இரண்டு மூன்று தலைகள் வேறு ஆமாம் என்று ஆடின.

"அது நடிப்பு அத்த!"

"நடிப்புனு எனக்கும் தெரியும். ஆனா இவ கையில கொடத்த பாத்ததும் எனக்கு அந்தத் தண்ணிதான் ஞாபகம் வருது. நான் இன்னா பண்ண, சொல்லு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அப்ப பந்தல பிரிச்சிடலாம். மொத கொடம் கல்பனா ஊத்தலன்னா எம்பொண்ணு மணைய வுட்டு எழுந்து வூட்டுக்குள்ள போயிடுவா" என்று கத்தினேன். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் பந்தலில் தொங்கிய வாழைத்தாரை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவை எதிர்த்துப் பேச அவருக்கு எந்தக் காலத்திலும் வாய் வராது.

கல்பனா குடத்தைக் கீழே வைத்தாள். "வுடு அண்ணி. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு? பெரிம்மாவே ஊத்தட்டும்" என்று சிரித்தாள். கத்திரிக்காய்க் கதையைச் சொன்னபோது சிரித்த சிரிப்பு இல்லை இது. அவள் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. இத்தனை வருஷம் அந்தச் சீரியலால் அவளை எத்தனையோ பேர் அவமானப்படுத்தியிருக்கிறார்கள். சொந்த வீட்டுப் பந்தலில் நடந்தது இதுதான் முதல்முறை.

அப்போது செங்கமலம் குறுக்கே வந்தாள். அவளுக்கு யாருக்காகவும் பரிந்து பேசும் எண்ணமெல்லாம் இல்லை. வயலில் பாதியில் விட்ட வழக்கு அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"பெரிம்மா, இரு. அன்னிக்கி இந்துமதிக்கு கை நடுங்குச்சே, அத பாத்தியா?"

"தப்பு பண்றவளுக்கு நடுங்காதா? பயம்."

"பயந்தவ நாலு பக்கம் திரும்பிப் பாப்பா. இவ எங்க பாத்தா? தண்ணியவே பாத்துகினு இருந்தா. இன்னொண்ணு சொல்றேன் கேளு. பொடி போடறதுக்கு முன்ன, அந்த மஞ்சள வெரலால தொட்டு தன் கன்னத்துல வெச்சிகினா."

சத்தியமாகச் சொல்கிறேன், இந்துமதி கட்சிக்காரியான நான்கூட அதைக் கவனித்திருக்கவில்லை.

"எப்ப வெச்சா?" என்றாள் பவுனம்மாள்.

"ஒரு நொடிதான். பாட்டு வர்றதுக்கு முன்ன."

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "இந்துமதிக்குத்தான் நலங்கே வெக்கலயே. அப்பன் செத்த வருசம்னு சொல்லி கோயில்ல தாலி கட்டி அனுப்பிட்டாங்க இல்ல?"

"ஆமா," என்றாள் பவுனம்மாள் மெல்ல. "ஆமாண்டி. மொதல்ல காட்டினானே." நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அப்ப அவ ஆர்த்தி மேல ஊத்தல. தனக்கு ஊத்தாத தண்ணியத்தான் ஊத்திகினு இருந்தா."

"அதத்தான் சொல்றேன். பண்ணது தப்புதான். ஆனா வெறும் பொறாமைன்னு சொல்லாத. உள்ள ஒரு ரணம் கெடக்குது அவளுக்கு" என்றாள் செங்கமலம்.

பவுனம்மாள் கல்பனாவைப் பார்த்தாள். "கன்னத்துல மஞ்சள் வெக்கச் சொன்னது யாருடி? டைரக்டரா?"

கல்பனா இல்லை என்று தலையை ஆட்டினாள். "டைரக்டர் சிரிக்கச் சொன்னாரு பெரிம்மா. சிரிச்சா அவ வெறும் கெட்டவளா நின்னுடுவா. எனக்கு மனசு வரல. நான் இப்படிப் பண்றேன்னு கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். வெட்டிடுவாங்கன்னு பயந்துகினே இருந்தேன். வெட்டல. ஆனா செட்டுல ஒருத்தரும் அதப்பத்தி வாயத் தொறக்கல. யாரு கண்ணுலயும் படலனுதான் நெனச்சேன்." சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "நம்ம ஊரு பாத்திருக்கு."

என் நெஞ்சு விரிந்த விரிவை எப்படிச் சொல்ல? எங்கள் வீட்டுப் பெண் ஒரு வில்லிக்கு உயிர் கொடுத்திருக்கிறாள். ஒரு நொடி வந்து போனதை எங்கள் ஊர்ப் பெண் கண்டுபிடித்திருக்கிறாள். யாரை நினைத்துப் பெருமைப்படுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல" என்றாள் பவுனம்மாள். "அந்த வயித்தெரிச்சல மூட்டிவுட்டது எந்தங்கச்சி பொண்ணுன்னா, கெட்டிக்காரிதாண்டி நீ. கொடத்த எடு."

கல்பனா குடத்தை எடுத்தாள். சுவேதாவின் தலைக்கு மேலே தூக்கினாள். கை நடுங்கியது. சீரியலில் நடுங்கியதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. மஞ்சள் தண்ணீர் தளும்பி அவளுடைய பட்டுப்புடவையை நனைத்தது. குடம் நகர மாட்டேன் என்கிறது.

பவுனம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். முழங்கால் வலிக்காரி, கோயிலில்கூட உட்கார்ந்தே கும்பிடுகிறவள். கல்பனாவுக்குப் பின்னால் நின்று குடத்தின் அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

"ஊத்துடி. நான் புடிச்சிகினு கீறேன்."

இரண்டு பேர் கையுமாகச் சேர்ந்து முதல் குடம் இறங்கியது. சுவேதா குளிரில் கத்தினாள். மேளம் அடித்தது. பவுனம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொள்ளாமல் கல்பனாவின் கன்னத்தில் மஞ்சளைத் தடவிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இப்ப இவ கை எதுக்கு நடுங்குச்சுன்னு நாளைக்கு வயல்ல எவளாவது கேட்டீங்க, தெரியும் சேதி."