ஒரே வளையத்தில் இரண்டு சாவி

1998 செப்டம்பர் 14, திங்கட்கிழமை காலை, கோட்டுகாலில் ஒரு தென்னந்தோப்புக்குள் சாம்பல் நிற ஜெர்மன் கார் ஒன்று மரத்தில் மோதி நின்றிருந்தது. அதன் கண்ணாடிகள் உடையவில்லை. பூட்டுகள் உடைக்கப்படவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம், பாறசாலையில் சாவி வெட்டும் பொன்னுதாஸ் அமரவிளையில் சுந்தரன் வீட்டுப் பலாமரத்தடியில் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான். கீழுதடு கிழிந்து தொங்கியது. குவைத்தில் பதினாறு வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்த சுந்தரன், கப்பலேற்றிக் கொண்டுவந்த கார் அது. ஞாயிற்றுக்கிழமை, சுந்தரன் சாவி வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு நடந்து ஜெபத்துக்குப் போயிருந்த நேரத்தில் அது காணாமல் போனது. முகப்பு நசுங்கிய காரை முற்றத்துக்கு ஓட்டிவந்த கையோடு, மனைவியின் தம்பி சஜினை அனுப்பிப் பொன்னுதாஸைக் கடையிலிருந்து இழுத்துவரச் செய்திருந்தான் சுந்தரன்.

"எனக்கு ஒண்ணு வெட்டித் தந்தே. உனக்குன்னு ஒண்ணு வெட்டி வச்சே. இல்லியாலே?"

"இல்ல சாரே. கர்த்தர்மேல சத்தியமாட்டு இல்ல."

சஜின் அவன் வயிற்றில் உதைத்தான். "கள்ளத் தாக்கோல் வெட்டுதவனுக்குக் கர்த்தர் வேற!"

காரோடு வந்தவை இரண்டு சாவிகள். ஒன்று அடிமலைத்துறையில் குளிக்கும்போது கடலில் விழுந்துவிட்டது என்று சஜின் வந்து சொன்னது ஓணத்துக்கு முந்தின வாரம். அதனால்தான் சுந்தரன் பாறசாலைக்கு வந்து மாற்றுச் சாவி வெட்டச் சொன்னான்.

இப்போது பொன்னுதாஸின் வலக்கையை மட்டும் அவிழ்த்து, பக்கத்தில் கிடந்த துவைகல்லின் மேல் விரித்து வைத்தார்கள். சஜின் மணிக்கட்டை மிதித்துக்கொண்டான். சுந்தரன் சுத்தியலை எடுத்தான்.

"ஆருக்குக் குடுத்தே? பேரச் சொல்லு. உனக்குப் பத்து விரல் உண்டு. எனக்கு நேரமும் உண்டு."

"ஒண்ணுதான் வெட்டினேன் சாரே. அது உங்க கையில இருக்கு."

சுத்தியல் மோதிர விரலில் இறங்கியது. பொன்னுதாஸுக்கு முதலில் சத்தம்தான் கேட்டது, முருங்கைக்காய் ஒடிவது போல. வலி பிறகு வந்தது. மதில் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுத் தலைகளில் ஒன்றுகூட அசையவில்லை.

அவர்களுக்கும் தெரியட்டும் என்று சுந்தரன் காரில் ஏறி, சாவி வளையத்திலிருந்து பொன்னுதாஸ் வெட்டிய சாவியை நிமிர்த்திப் போட்டுத் திருகினான். வண்டி கிளம்பி ஒரே சீராக உறுமியது.

"எல்லாரும் கேளுங்க! இவன் வெட்டின தாக்கோல்ல ஓடுதா இல்லியா?"

"நல்லாத்தான் வெட்டியிருக்கான்" என்றது மதிலில் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

திறந்த கார்க்கதவு வழியாகப் பொன்னுதாஸ் பார்த்தான். அவன் சாவி பூட்டுக்குள் இருந்தது. அதே வளையத்தில், அதை ஒட்டியே, காரோடு வந்த சாவியின் தடித்த கறுப்புத் தலை ஆடிக்கொண்டிருந்தது.

கடைவாசலில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அசல் சாவியைக் கடைக்குள் வைஸில் விட்டுவிட்டு, வெட்டிய சாவியை மட்டும் கொண்டுபோய்ப் போட்டபோது வண்டி கிளம்பி இரண்டு நொடியில் அணைந்தது. தன் வெட்டில்தான் பிசகு என்று நினைத்து மறுபடியும் அரம் போட்டான். டீ குடித்துவிட்டு வந்த சுந்தரன் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து நீட்டினான். வண்டி ஓடியது. அரம் போட்டதால் சரியாயிற்று என்று பொன்னுதாஸ் பெருமையாகக் காசு வாங்கிக்கொண்டான். காரோடு வந்த சாவியின் கறுப்புத் தலைக்குள் ஏதோ இருக்கிறது, அது பக்கத்தில் இருந்தால்தான் வண்டி ஓடும் என்று இப்போதுதான் புரிந்தது.

"சாரே! எனக்க தாக்கோல் கொள்ளாது!" என்று கத்தினான். "அது தனியா ஓடாது. மத்தத வளையத்திலேருந்து கழத்துங்க. கழத்திட்டுப் போட்டுப் பாருங்க!"

"அடி கொண்டு பிராந்து பிடிச்சிட்டு" என்றான் சஜின். சுந்தரன் கல்லருகே விட்டுப் போயிருந்த சுத்தியலைச் சஜினே பாய்ந்து எடுத்து நடுவிரலில் போட்டான். அடுத்த அடிக்கு ஓங்கினான்.

"நிறுத்துலே" என்றான் சுந்தரன். இறங்கி வந்து சுத்தியலைப் பிடுங்கினான். "உனக்கென்ன இவ்வளவு அவசரம்?"

திரும்பப் போய், நகத்தால் வளையத்தை விரித்துக் கறுப்புச் சாவியைக் கழற்றினான். வீட்டுப் படியில் நின்றிருந்த மனைவி ஜெபகுமாரியிடம் அதைக் கொடுத்து உள்ளே கொண்டுபோகச் சொன்னான். மற்றதைப் போட்டுத் திருகினான். வண்டி கிளம்பியது. அணைந்தது. மறுபடி திருகினான். அணைந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே.

 சுந்தரன் சுத்தியலோடு இறங்கிச் சஜினிடம் வந்தான்.

"கடல்ல போட்ட தாக்கோல் எங்கலே?"

"அத்தான், நான் அண்ணைக்கே சொன்னேனே..."

"ஒரிஜினல் இல்லாம இந்த வண்டி கோட்டுகால் வரைக்கும் எப்படிலே போச்சு?"

சஜின் வாசலைப் பார்த்து ஓடினான். நாலடி போவதற்குள் சுத்தியல் பறந்து வந்து முழங்கால் மடிப்பில் அடித்தது. விழுந்தவன் மேல் சுந்தரன் ஏறி உட்கார்ந்தான். சுத்தியலை மறுபடி எடுத்தான். ஜெபகுமாரி ஓடிவந்து கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்து அவள் கையோடு வந்தது. முழங்கால் சிரட்டையில் மூன்று அடி, முகத்தில் ஒன்று. "தம்பியாக்கும்! எனக்க தம்பியாக்கும்!" என்று அவள் அலறியபோதும் அவன் நிறுத்தவில்லை. மதிலில் இருந்தவர்கள் குதித்து வந்து விலக்கினார்கள். பொன்னுதாஸை அவிழ்த்துவிட அதற்குப் பிறகும் அரை மணி நேரம் யாருக்கும் தோன்றவில்லை.

கடலில் விழுந்த சாவி சஜினின் தலையணை உறைக்குள் இருந்தது. சஜின் மருத்துவமனையில் இருபத்தாறு நாள் கிடந்தான். சுந்தரன் மேல் இரண்டு வழக்குகள் பதிவாயின. பொன்னுதாஸ் நவம்பரில் கடையைத் திறந்தான். வலக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை.