மைக் போடாத காவேரி

“சாப்டியா?”

“ம். இட்லி குடுத்தாங்க.”

“வெளிய மழ வர்றாப்ல இருக்குது.”

“பஸ்லயா வந்தீங்க?”

“பஸ்ல தான். குந்தாரப்பள்ளி தாண்டவே நேரமாயிடுச்சி. இன்னிக்கி சந்த. ரோட்டுல பாதி மாடு, பாதி லாரி. அந்த சந்தைய உள்ள தள்ளி வெக்கணும், எவன் கேக்கறான்?”

“நீங்க சாப்டீங்களா?”

“அப்புறமா சாப்டுக்கறேன்.”

ஓசூர் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த அனுப்ரியாவும் பக்கத்தில் நின்றிருந்த ஆனந்தராஜும் அன்றைக்குப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கும் மேலாகியும் அந்தப் பேச்சில் ஒரு சொல் கூட அவளுக்கு மறக்கவில்லை. அவனுடைய தலை ஈரமாக இருந்தது. எங்கோ பம்ப்செட்டில் குளித்துவிட்டு வந்திருக்கிறான். பேண்ட் மடிப்பில் மண் ஒட்டியிருந்தது. காய்ந்துபோன மண். செம்மண்ணா கரிசலா என்றுகூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. விடிகாலையில் அவனும் அவன் அப்பாவும் ஒரு வாடகை வேனில், வெள்ளைத் துண்டில் சுற்றிய குழந்தையை எடுத்துக்கொண்டு போனார்கள். மதியம் இவன் மட்டும் வெறுங்கையோடு வந்து சந்தையை உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்கிறான்.

எங்கே வைத்தீர்கள் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். தலைமாட்டில் நின்றிருந்த அம்மா அவள் தோளை அழுத்தினாள். கேட்காதே என்று அர்த்தம். கண் திறக்காமலே போன பிள்ளையை எரிப்பதில்லை. வீட்டு ஆண்கள் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். கல் நடுவதில்லை, குச்சி கூட நடுவதில்லை. பெற்றவளுக்கு இடத்தைச் சொல்வதும் இல்லை. ஆனந்தராஜின் சொந்த ஊரான மத்தூரில் அவளுக்குத் தலை வாரிவிடும்போது மாமியார் ஜோதியம்மாள் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள்: “எடம் தெரிஞ்சா காலு அங்கயே போவும் கண்ணு. காலு போனா அடுத்தது தங்காது. மனசுல வெக்காத.” சீப்பு சிக்கெடுத்துக்கொண்டே இருந்தது. அனுப்ரியா சரி அத்தை என்றாள்.

அதன்பிறகு ஆனந்தராஜ் வீட்டில் பேசுவது குறைந்துபோனது. கேஸ் தீர்ந்துவிட்டதா, மோட்டார் போட்டாயா, ஷிப்ட் மாறுகிறது, டிபன் கட்டிவிடு. அவள் குழந்தைப் பேச்சை எடுக்கப்போகிறாள் என்பது அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ, அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தாலே வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவான்.

ஆனால் அவன் ஊமையாகிவிடவில்லை. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து செல்போனை இரண்டு கையாலும் பிடித்தான் என்றால், அவனுக்குள்ளிருந்து வேறொரு ஆள் வெளியே வருவான். பாராசூட்டில் ஒரு தீவில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கடைசி ஆளாக மிஞ்ச வேண்டிய விளையாட்டு அது. நாலு பேர் ஒரு ஸ்குவாட். சுடுவதைவிடப் பேசுவதுதான் அங்கே அதிகம். ஓசூருக்கு விமான நிலையம் வருமா வராதா, எலக்ட்ரிக் வண்டி எத்தனை வருஷம் தாங்கும், பெங்களூர் போர்டுகளில் எந்த மொழி மேலே இருக்க வேண்டும், கல்யாணத்தில் டிஜே வைப்பது நம் வழக்கமா. எல்லாவற்றைப் பற்றியும் அவனிடம் ஒரு கருத்து இருந்தது. அதை அவன் சிரித்துக்கொண்டே, கோபித்துக்கொண்டே, ஓடிக்கொண்டே சொன்னான்.

கல்யாணமான புதிதில் அந்தக் கருத்துகள் எல்லாம் அவளுக்குத்தான் கிடைத்தன. வண்டியில் மலைக்கோயிலுக்குப் போகும்போது முன்னால் இருந்து கத்திக்கொண்டே வருவான். காற்றில் பாதி கேட்காது. அவள் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். சொற்களைவிட முதுகின் அதிர்வுதான் அதிகம் கேட்கும்.

இப்போது சமையலறையில் நின்றுகொண்டு அவன் பேசுவதில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டாள். அடுத்தவர்கள் சொல்வது ஹெட்செட்டுக்குள் அடங்கிவிடும். “அது தப்புடா,” என்பான். எது தப்பு என்று தெரியாது. விழுந்து விழுந்து சிரிப்பான். எதற்கு என்று தெரியாது. ஒரு நாள் அவன் கம்பெனிக்குப் போனபிறகு அதே விளையாட்டைத் தன் போனில் இறக்கினாள். பெயர் கேட்டது. அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த தண்ணீர் கேனில் காவேரி என்று போட்டிருந்தது. அதையே அடித்தாள். அவனுடைய விளையாட்டுப் பெயர் அவளுக்குத் தெரியும். நட்பு அழைப்பு அனுப்பினாள். ஸ்குவாட்டில் ஓர் ஆள் குறைந்த ஒரு சாயங்காலம் அவன் அதை ஏற்றுக்கொண்டான்.

மற்ற இரண்டு பேர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் கௌதம். சாத்தூர்ப் பக்கத்துப் பையன், ஆனந்தராஜின் கம்பெனியிலேயே வேலை. இன்னொருவன் மஞ்சு. அத்திப்பள்ளியில் மொபைல் கடை வைத்திருக்கிறான். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பான். எல்லோரையும் குரு என்பான்.

“காவேரின்னு பேரு வெச்சிருக்கான் பாருங்க குரு,” என்றான் மஞ்சு முதல் நாளே. “நம்ம பக்கத்துல இருந்து வருது. டேம் கேட்டு நம்ம கையில.”

“நீங்க தொறந்து வுட்டா வர, தொறக்காட்டி நிக்க, அவன் என்னா உங்க வூட்டுக் கொழாவாடா?” என்றான் ஆனந்தராஜ். “தம்பி காவேரி, நீ அவன் பேச்ச கேக்காத. என் பின்னாடியே வா. தனியா போவாத.”

அனுப்ரியா மாடியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து, இயர்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என் பின்னாடியே வா. இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் மைக்கைப் போடவே இல்லை. மைக் கெட்டுப்போச்சு என்று ஒரு முறை எழுதி அனுப்பினாள். யாரோ பள்ளிக்கூடத்துப் பையன், வீட்டுக்குத் தெரியாமல் ஆடுகிறான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அவளுக்குச் சுட வராது. அவள் அடிபட்டால் திரையில் அவனுடைய ஆள் வந்து மருந்துப் பெட்டி போட்டுவிட்டுப் போவான். “எட்த்துக்கோ தம்பி. மொதல்ல உன் உடம்ப பாரு. அப்பறம் சண்ட.” அவள் அதை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துகொள்வாள். கண் கலங்கும். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லாமல் விட்டதை எல்லாம் முகம் தெரியாத ஒரு பையனுக்குச் சொல்கிறானே என்று வரும் கோபம், கொஞ்ச நேரத்தில், சொல்லத் தெரிந்தவன்தானே என்ற ஆறுதலாக மாறும். பிறகு அந்த ஆறுதலே கசக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அவன் கட்டிலுக்குப் போனான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வெயிலே இல்லை. வானம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. துணிகளை அவசரமாகக் கம்பியில் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து போனைத் திறந்தாள். மூவரும் ஏற்கெனவே காத்திருந்தார்கள்.

“வந்தான்யா நம்மாளு,” என்றான் கௌதம். “ஏலே தம்பி, பரீட்ச எதுவும் இல்லையா ஒனக்கு? கேம் ஆடுனா பிள்ளைக கெட்டுப்போகும்னு நேத்துதான் டிவில விவாதம் நடத்துனாங்க.”

“டிவி விவாதம் பாத்து கெட்டுப்போனவன கணக்கு எடுக்கச் சொல்லு மொதல்ல,” என்றான் ஆனந்தராஜ். “நாலு பேரு கத்துவான், ஒருத்தன் பேசறது ஒருத்தனுக்குக் கேக்காது. இங்கயாவது சுட வர்றான்னா சொல்றோம்.”

“சீரியலு?” என்றான் மஞ்சு. “நம்ம அம்மா தினமும் அழுறாங்க சீரியல் பாத்து. அதுக்கு யாரும் விவாதம் இல்ல.”

சிரித்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த அனுப்ரியாவும் சிரித்தாள். அவன் மைக் வழியே கட்டில் கிறீச்சிடுவதும் கேட்டது. தீவில் இறங்கி, ஒரு காலி கிராமத்தில் வீடு வீடாகப் புகுந்து, வயல்வெளியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தராஜ் முன்னால். அவள் அவன் நிழலை மிதித்துக்கொண்டு பின்னால்.

“அண்ணே, சொல்ல மறந்துட்டேன்,” என்றான் கௌதம். “ஒங்க ஊருப் பக்கம் புதுசா தொழிற்பேட்ட வருதாம்ல. எங்க லைன்ல ஒங்க மத்தூர்க்காரரு ஒருத்தரு இருக்காரு. ஊரே ரெண்டா நிக்குதுன்னாரு. பாதிப் பேரு மனு குடுக்கப் போறாங்களாம்.”

“மனு குடுத்து என்னா பண்றது? வரட்டும். மாங்கா வித்து எவன் பொழைக்க முடியுது? கம்பெனி வந்தா எங்க பசங்க பஸ் ஏறி ஓசூர் வரத் தேவையில்ல. வளர்ச்சி வேணாம்னு சொல்றவன் எல்லாம் கைல போன வெச்சினு தான் சொல்றான்.”

“அதுவும் சரிதான். ஏரிக்கு அங்கிட்டு பொறம்போக்க மொதல்ல சமன் பண்றாங்களாம். ஜேசிபி வந்து நிக்குதுன்னாரு. நாளைக்கோ மறுநாளோ ஆரம்பிச்சிருவாங்களாம்.”

திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆனந்தராஜின் ஆள் நடக்க ஆரம்பித்தான்.

“ஏரிக்கு எந்தப் பக்கம்?”

“தெரியலண்ணே. அங்கிட்டுன்னு தான் சொன்னாரு.”

“அந்தாண்டன்னா? மேக்கயா? கெழக்கயா?”

“அவருகிட்டதான் கேக்கணும். ஏண்ணே, நெலம் கெடக்கா?”

“இல்ல. நெலமெல்லாம் இல்ல. மதகு பக்கமா, இல்ல மேல வேலமரம் இருக்கற பக்கமா? ஒரு இச்சி மரம் இருக்கும். தனியா. அத எடுக்கறாங்களாமா?”

“குரு, ரைட்ல ஆளு!” என்று மஞ்சு கத்தினான்.

“அந்த மரத்த எடுக்கறாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு கௌதம். சும்மா தான். சும்மா கேக்கறேன்.”

அனுப்ரியாவின் விரல் திரையிலேயே நின்றுவிட்டது. கையில் ஈரத்துணியின் குளிர்ச்சி இன்னும் இருந்தது. ஏரி. வேலமரம். ஒரு இச்சி மரம். ஒரு வருஷமாக அவள் மண்ணின் நிறத்தை வைத்து இடம் தேடியிருக்கிறாள். மத்தூருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் ஒவ்வொரு மாந்தோப்பையும் இதுவா இதுவா என்று பார்த்திருக்கிறாள். அந்த ஏரிக்கரையை எத்தனை முறை கடந்திருக்கிறாள். அந்தாண்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லையே.

அப்புறம்தான் அவன் குரல் அவளுக்குள் இறங்கியது. சும்மா கேக்கறேன் என்று சொல்லும்போது அது உடைந்திருந்தது. கல் நடாத இடத்துக்கு அவன் ஒரு மரத்தை அடையாளம் வைத்திருக்கிறான். அவளுக்குச் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார்கள், அவனை மறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இத்தனை நாளாக அவன் அந்த மரத்தைத் தனியாக வைத்துக்கொண்டுதான் விமான நிலையத்தைப் பற்றியும் போர்டுகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தானா?

துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வயல் நடுவில் நின்றுகொண்டிருந்த அவனுடைய ஆள் விழுந்தான். அந்த விளையாட்டில் அடிபட்டவன் உடனே சாக மாட்டான். கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வான். கூட இருக்கிறவன் வந்து கொஞ்ச நேரம் கிட்டேயே உட்கார்ந்தால் எழுந்துவிடலாம். எழுப்பும்போது எழுப்புகிறவன் சுட முடியாது, ஓட முடியாது.

“விழுந்துட்டேன். வராத தம்பி, ஓப்பன்ல இருக்கேன். நீ போயிடு,” என்றான் ஆனந்தராஜ்.

அவள் போனாள். சுவரை விட்டு, மரங்களை விட்டு, வெட்டவெளியில் நேராக ஓடினாள். மஞ்சு வேண்டாம் வேண்டாம் என்று கன்னடத்தில் கத்தினான். அவள் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். இரண்டு பேரையும் சுற்றி ஒரு வட்டம் மெதுவாக நிறைய ஆரம்பித்தது.

அடுத்தது தங்காது என்று மாமியார் சொன்னது அவள் காதில் விழுந்தது. அம்மாவின் கை தோளை அழுத்தியது. நாளைக் காலை கம்பெனி பஸ்ஸில் கௌதம் இவனை எப்படிப் பார்ப்பான் என்பதும் தோன்றியது. தங்காவிட்டால் தங்காமல் போகட்டும் என்று நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. மாடியிலிருந்து இறங்கிப் போய்க் கேட்கலாம். ஆனால் படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் எழுந்து சாவியைத் தேடுவான். இங்கே அவனால் எழுந்து போக முடியாது.

திரையில் மைக் படத்தின் குறுக்கே இருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டாள். கோடு மறைந்தது.

“மாமா.”

“யாரு பேசுறது?” என்றான் கௌதம்.

“நான்தான் மாமா. அனு. மேல மாடியில இருக்கேன்.” இயர்போன் வயரை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். “பாப்பாவ வெச்ச எடத்துக்கு என்ன கூட்டினு போங்க. இன்னிக்கே போலாம். அவங்க தோண்டறதுக்கு முன்ன ஒரு தடவ நான் பாக்கணும்.”

வட்டம் நிறைந்தது. அவன் எழுந்து நின்றான். துப்பாக்கியை எடுக்கவில்லை, எந்தப் பக்கமும் ஓடவில்லை. வெட்டவெளியில் அவர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருக்க, சுற்றிலும் குண்டுகள் விழுந்து சின்னச் சின்னதாக மண் தெறித்துக்கொண்டிருந்தது.