இருதயராஜின் எடை

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு தவக்காலத்திலிருந்து, புனேயின் கேம்ப் பகுதியில் குடியிருந்த எலக்ட்ரீஷியன் இருதயராஜுக்கு அவர் மனைவியின் கைகளில் மட்டும் எடை இல்லாமல் போனது. கட்டிலில் கிடக்கும்போது எழுபது கிலோ ஆள்தான். மெத்தையில் பள்ளம் விழும். ஆரோக்கியமேரி தூக்கினால், கொடியில் காய்ந்த துணியை எடுப்பதுபோல வந்துவிடுவார். ஒருமுறை குளிப்பாட்டித் திரும்பும்போது ஜன்னல் காற்றுக்கு அவள் தோளைவிட்டு நழுவி உயரக் கிளம்பிவிட்டார். லுங்கியை எட்டிப் பிடித்து இறக்கினாள். அதன்பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அவரைத் தொடுவாள்.

அதற்கு முந்தைய வருடம் ஹிஞ்சேவாடியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் வயரிங் செய்தபோது சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனவர் அவர். திண்டுக்கல்லிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், என்ன பாவமோ என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார்கள். மேரி ஆண்டவரிடம் கேட்டது ஒன்றுதான்: அவர் நடக்க வேண்டும். அதனால் இந்த எடையின்மை வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காலைப் பூசை முடிந்து கோயில் காலியானதும் சிலுவைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். “நடக்க வைன்னு கேட்டா காத்தாடியா ஆக்கித் தர்றியா? கேட்டதைக் குடுக்கத் தெரியாதா உனக்கு?” ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கி ஆட்டோவில் உட்கார வைத்தாள். ஒரு வருடமாகக் கூரையையே பார்த்துக்கிடந்த மனிதர், பேக்கரி வாசலில் பன் வாங்க நின்ற கூட்டத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதார். அதற்கும் அவள் ஆண்டவருக்கு நன்றி சொல்லவில்லை.

மறு வருடம் சென்னையிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். இருதயராஜ் ஆசைப்பட்டதால் மேரி தூக்கிப்போனாள். மேடையில் பிரசங்கியார் அவர் தலையில் கைவைத்து ஜெபித்து, எழுந்திரு என்று கட்டளையிட்டார். எழவில்லை. மறுபடி கட்டளையிட்டார். பிறகு மைக்கில், இந்த வீட்டில் விசுவாசம் குறைவு, மனைவி பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்றார். கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. இருதயராஜ் தலை குனிந்துகொண்டார். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினாள்.

“சிலுவையில இருந்து இறங்கி வா பாப்போம்னு அவரையும் இப்பிடித்தான் கூப்பிட்டாங்க. அவரு இறங்கலையே. அவருக்கும் விசுவாசம் கொறச்சலா? சொல்லுங்க ஐயா!”

இருதயராஜை அப்புறப்படுத்தத் தொண்டர்கள் ஓடிவந்தார்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அவர் அசையவில்லை. அடியில் பலகை விரிசல் கண்டது. மேரி ஒற்றைக் கையால் அவரை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தாள். “மெதுவாப் போ மேரி,” என்றார் அவர் காதோடு. “எல்லாரும் பாக்கட்டும்.”

அந்த நடையில்தான், அவர் பாரத்தைத் தன்னோடு சேர்ந்து இன்னொருவரும் தூக்கிவருவது அவளுக்குத் தெரிந்தது. யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி வராதவர், இறங்காமலேயே வந்திருந்தார். அதன்பிறகும் கோயிலில் அவரைத் திட்டத்தான் செய்தாள். ஆனால் வீட்டு ஆளைத் திட்டுவதுபோல.

ஒரு மழைக்காலத்தில் மேரி காய்ச்சலில் விழுந்தாள். எதிர்வீட்டு வைஷாலி தயங்கித் தயங்கி இருதயராஜைத் தூக்கியவள், “அரே, வஜனச் நாஹி!” என்று எடையே இல்லாததைக் கண்டு சிரித்துவிட்டாள். பிறகு மாடியில் ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தார்கள். பரிதாபப்பட்டு வந்தவர்களுக்கு மட்டும் கனத்தார்.

இரண்டாயிரத்து ஏழில் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தது. ரிப்பன் கட்டி, முதல் சவாரி இருதயராஜுக்கே என்றார் குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரி. மரியாதைக்கு ஒருமுறை ஏறி இறங்கினார்கள். அடுத்த ஞாயிறு பூசைக்கு நேரமானதும் வைஷாலி வந்து, இன்று என் முறை என்று அவரை ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். ஆரோக்கியமேரி கதவைப் பூட்டிவிட்டு, குடையோடு பின்னால் போனாள்.